சண்முகவடிவு யார் ஆதரவில் இருக்கிறார்?

ஜூன் 3, செவ்வாய்

விண்ணப்பம் போட்டாயிற்று.

எந்த நாடு என்று இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. விசா கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது அம்மாவின் உத்தரவு. "என் டைரிய யாரும்மா படிக்கப் போறா?" என்று கேட்டேன். "நீ படிப்பேல்லா? ஒன் கண்ணும் கண்ணுதான்" என்றாள். ஆகவே, கடல் உண்டு, ஆலிவ் மரம் உண்டு, குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் வேண்டும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

படிவம் நிரப்பவே ஒரு நாள் போயிற்று. பெயர்: குழல்வாய்மொழி. கட்டங்கள் போதாமல் போய்விடும் என்று பயந்தேன், போதுமாக இருந்தது. வயது: முப்பத்தாறு. மணமானவரா: இல்லை. தொழில்: காதுகேள் கருவிகளுக்குக் கையேடு எழுதுபவர். கம்பெனி இருப்பது கனடாவில். நான் இருப்பது பாளையங்கோட்டையில், ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் உள்ள எங்கள் வளவின் மூன்றாவது வீட்டு உள்ளறையில், கொசுவத்திக்குப் பக்கத்தில். இப்படிக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்கள் இங்கே வந்து இருந்துகொள்ளலாம், சம்பளத்தை எங்கள் கடைகளில் செலவழித்தால் சரி என்று அந்த நாடு ஒரு விசா வைத்திருக்கிறது. நம்மை நம்பி இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். நான் அம்மாவைப் போட்டிருக்கிறேன்.

அம்மாவை விட்டுப் பிரிய மனமில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு ரசம் வைக்கத் தெரியாது, அதுதான் காரணம்.

ஜூன் 5, வியாழன்

தூதரகத்திலிருந்து மெயில். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம்.

அம்மா பிறந்ததை யாரும் எங்கேயும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றாராம் வாத்தியார். தொட்டுவிட்டாள். உடனே ஐந்து வயது என்று எழுதி, பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று போட்டுக்கொண்டார். அந்த வகுப்பில் காதைத் தொட்ட அத்தனை பேரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்.

இதை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவதுதான் என் பிழைப்பு. எனக்கே கை ஓடவில்லை.

ஜூன் 9, திங்கள்

மாநகராட்சி அலுவலகத்துக்கு மூன்றாவது நடை. 'இப்படி ஒரு பிறப்பு எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று சான்றிதழ் தந்தார்கள். இல்லாததற்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, அதற்கும் முத்திரை குத்துகிறார்கள். வெற்றி வீராங்கனையாக வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு உளுந்த வடையும் தின்றேன்.

வடை செரிப்பதற்குள் அடுத்த மெயில். இந்த முறை இரண்டு கேட்கிறார்கள். ஒன்று, சண்முகவடிவு, அதாவது அம்மா, விண்ணப்பதாரரின் ஆதரவில்தான் வாழ்கிறார் என்று உள்ளூர் அதிகாரி தரும் சான்று. இன்னொன்று, அவருடைய மற்ற பிள்ளைகள் 'நான் என் தாயாருக்குப் பண உதவி செய்வதில்லை' என்று கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. மாதக் கடைசிக்குள் வேண்டும்.

மற்ற பிள்ளைகள் என்றால் அண்ணன் ஒருவன்தான். நெல்லையப்பன். ஓசூரில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா போனதிலிருந்து அவன் வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பியதில்லை. கெட்டவன் இல்லை. தீபாவளிக்கு வருவான், தேங்காய்ப்பால் சொதி கேட்பான், இரண்டு தட்டு சாப்பிடுவான், போய்விடுவான். உண்மையைத்தானே எழுதித் தரப்போகிறான், இதில் என்ன கஷ்டம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். "வருமானச் சான்று இருக்கு, சாதிச் சான்று இருக்கு, வாரிசு இருக்கு, விதவை இருக்கு. அம்மாவ நாந்தான் பாக்கேன்னு ஒரு சான்று இதுல இல்லியேக்கா" என்றாள். கடைசியில் வெள்ளைத்தாளில் மனு எழுதி நேராக வி.ஏ.ஓ. ஜெபக்கனி மேடத்திடம் கொடுத்தேன். வியாழக்கிழமை வந்து விசாரித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். நல்ல மனுஷி, அவர் மேசையில் ஒரு கிண்ணம் நிறைய நெல்லிக்காய் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

விசாரணை முடிந்தது. மனு தள்ளுபடி.

சாயங்காலம் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கனடாக்காரர்களோடு பேட்டரி மூடி பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மேடம் வந்திருக்கிறார். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முற்றத்திலேயே நின்று நான்கு வீட்டுக்காரர்களையும் கேட்டிருக்கிறார். எதற்கு விசாரணை என்று யாருக்கும் தெரியாது, நாங்கள்தான் மூச்சு விடவில்லையே. வளவு முழுக்க ஒரே குரலில் சொல்லியிருக்கிறது: "வடிவு மைனிக்கு என்ன கொற? மவன் மாசாமாசம் அனுப்பிருதான்லா!" எதிர்வீட்டுச் செல்லத்தாய் அத்தை ஒரு படி மேலே போய், பிரிட்ஜ் வைத்திருக்கும் இடத்தையே ஜன்னல் வழியாகக் காட்டியிருக்கிறாள். மவன் வாங்கிக் கொடுத்ததாம்.

அவர்கள் மேல் தப்பில்லை. அம்மா சொன்னதைத்தான் சொன்னார்கள்.

பிரிட்ஜ் வந்தபோது, "மவன் அனுப்புன துட்டுல வாங்குனது" என்றாள். வாஷிங் மெஷின் வந்தபோதும் அப்படித்தான். ஓடு மாற்றியது, மோட்டார் போட்டது, அம்மாவின் கண் ஆபரேஷன், அம்மாவின் இரண்டாவது கண் ஆபரேஷன், போன பொங்கலுக்கு எடுத்த மாம்பழக்கலர் சேலை, எல்லாமே மவன். ஆபரேஷனுக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்களிடம் அம்மா கண்ணில் கட்டோடு, "நெல்லையப்பன்தான் எல்லாம் பாத்துக்கிட்டான்" என்றாள்.

நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. வரிசையாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

அம்மாவிடம் பேசினேன். பேசினேன் என்றால் கத்தினேன்.

"மேடத்துட்ட போயி உள்ளதச் சொல்லும்மா. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"பெத்தவ வாயால மவன் ஒண்ணும் தாரதில்லன்னு நாலு பேரு முன்னால சொல்லணுமா? அவன் தலைகுனிஞ்சிருவான் பாத்துக்க."

"நான் குனிஞ்சாப் பரவால்லியா?"

"கிறுக்கி. ஒனக்காவயும்தாம்ட்டி சொன்னேன்." அம்மாவுக்கும் குரல் ஏறிவிட்டது. "மவ சம்பளத்துல உக்காந்து திங்கான்னு தெரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? துட்டு வருதேன்னு கல்யாணம் பண்ணிக் குடுக்காம வச்சிருக்கான்னு சொல்லும். என் காதுபடவே சொல்லும்."

எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், மூன்று வரன்களை நான்தான் திருப்பி அனுப்பினேன், இது ஊருக்கே தெரியும். ஆனாலும் அம்மா இத்தனை வருடம் இப்படி ஒரு பயத்தோடு இருந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அறைக்குள் வந்து, 'கருவியை ஈரத்தில் வைக்காதீர்கள்' என்ற வரியை எட்டு விதமாக எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

வெளியே குற்றாலச் சாரல் காற்று. மொட்டை மாடியில் வற்றல் எடுக்கப் போனபோது செல்லத்தாய் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாடைமாடையாக எல்லாம் தெரிந்திருந்தது. இந்த வளவில் கண் பட ஆள் தேவையில்லை, காதே போதும்.

"ஏட்டி, வெளிநாட்டுக்குன்னு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா? நாங்க என்னத்தக் கண்டோம்? முதியோர் பென்சனுக்குன்னு சொல்லிருந்தாக்கூட வேற மாதிரி சொல்லிருப்போம்."

"நீங்க தெரிஞ்சதத்தான அத்த சொன்னிய."

அத்தை ஒரு வற்றலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "என்னத்தத் தெரிஞ்சது? பிரிட்ஜு வந்த அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்திய. பில்லுல கையெழுத்துப் போட்டு எறக்குனது நானு. குழல்வாய்மொழின்னு கொட்ட கொட்டையாப் போட்டிருந்துச்சு. வளவுல எல்லாருக்கும் தெரியும். மைனி சொல்லுதா, நாங்க கேட்டுக்கிடுதோம். அவ மனசு நோவக்கூடாதுல்லா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் அம்மா சொன்ன பொய்யை ஒருவர்கூட நம்பியதில்லை. அப்படியானால் மேடத்திடம் வந்து உண்மையைச் சொல்லுங்கள் அத்தை என்று கெஞ்சினேன். அத்தை மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "அவ வாயால மொதல்ல சொல்லட்டும். பொறவு நாங்க எத்தன தடவ வேண்ணாலும் சொல்லுதோம்."

ஜூன் 17, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் செய்தேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அது பெரிய முட்டாள்தனம்.

விஷயத்தைச் சொன்னதும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "எங்கம்மாவ நான் பாக்கலன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? நல்லாருக்கு நாயம்" என்றான்.

"நீ பாக்கலதான அண்ணே. உள்ளதத்தான கேக்காவ."

"எதுக்கு இந்த வம்பு? அம்மாவ அங்க குளிருல கொண்டுபோயி என்ன செய்யப்போற? நீ தாராளமாப் போ. அம்மா இங்க எங்கூட வந்து இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன். ஞாயித்துக்கெழம நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டது என்று கேட்டதுபோல அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடமாக வளவுக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்தது இன்று போனில் நிஜமாக வந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். நல்லது. ரொம்ப நல்லது.

ஜூன் 18, புதன்

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சுமார்.

ஜூன் 19, வியாழன்

கனடா மேனேஜர் மீட்டிங்கில், உன் குரல் சரியில்லையே, தூக்கமில்லையா என்று கேட்டார். சாரல் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

தூதரகத்துக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். 'என் தாயாரின் பெயரை விண்ணப்பத்திலிருந்து நீக்கிவிடவும்.' இன்னும் அனுப்பவில்லை. அண்ணனிடம் பேசும் முன்பே மறுபடி ஒரு மனு கொடுத்திருந்தேன்; திங்கட்கிழமை இன்னொரு முறை விசாரிக்க வருவதாக ஜெபக்கனி மேடம் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு அனுப்பலாம். அவரையும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை.

ரசம் காரணம் இல்லை. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்? காலையில் எழுந்தால் அம்மா இருக்க வேண்டும். அந்த நாட்டில் எனக்குக் கடல் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரிய வேண்டும். ஓசூருக்குப் போனால் அவள் சந்தோஷமாகத்தான் இருப்பாள். எனக்குத்தான் தாங்கவில்லை. மகனா மகளா என்று வந்தால் மகன் பக்கம் போவாள் என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்து வைத்திருப்பதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் இத்தனை வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் வந்துவிட்டான். நாளை ராத்திரி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறான். அம்மா சொதி வைத்தாள், இஞ்சித் துவையல் அரைத்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டான். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓசூரில் ஜூன் மாதத்தில்கூட மின்விசிறி வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தான். அம்மா அவன் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பை இன்னும் பரணில்தான் இருக்கிறது. நான் இறக்கிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிவாக்கில் ஜெபக்கனி மேடம் வந்தார். முற்றத்தில் செல்லத்தாய் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். வேலை எதுவும் நடக்கவில்லை. அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தான்.

"நீங்கதான் மகனா? மாசாமாசம் அனுப்புறது நீங்கதானா சார்?" என்று மேடம் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்துவிட்டாள்.

"இல்லம்மா. அவன் அனுப்பல. நாந்தான் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

செல்லத்தாய் அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"எம்மா, எல்லாரும் பாக்காவ" என்றான் அண்ணன் மெதுவாக.

"பாக்கட்டும்." அம்மா மேடத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் தெருமுனைவரை கேட்டிருக்கும். "என் மவன் நல்லவன்தாம்மா. கொற சொல்லல. ஆனா எனக்குச் சோறு போடுதது என் மவ. கண்ணத் தொறந்து விட்டது என் மவ. இந்தா உடுத்திருக்கேன்லா, இந்தச் சேலையும் அவ எடுத்ததுதான். எழுதிக்கோங்க."

"ஆமா மேடம், எங்களுக்கும் தெரியும்" என்றாள் செல்லத்தாய் அத்தை. அதற்காகவே காத்திருந்ததுபோல நான்கு வீட்டிலிருந்தும் "ஆமா, ஆமா" என்று குரல் வந்தது. பத்து நாளைக்கு முன்னால் இதே வாய்களால் எதிர்மாறாகச் சொன்னது குறித்து ஒருவருக்கும் வெட்கம் இல்லை. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

மேடம் போனதும் அம்மா என் மேசையில் இருந்த உறுதிமொழித் தாளை எடுத்துவந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"அப்ப நீ எங்கூட வரலியாம்மா?" என்றான்.

"நீ கூப்புட்டுட்டேல்லா மக்கா. அது போதும் எனக்கு." அவன் தலையைத் தடவினாள். "ஏல, ஒனக்காவ நான் எத்தனையோ பொய் சொல்லிட்டேன். எனக்காவ ஒரு உண்மைய எழுதிக் குடு."

அண்ணன் தாளை எடுத்து முழுக்கப் படித்தான். பிறகு பேனா கேட்டான். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினான்.

ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டேன். ஒரு டிக்கெட்டைக் கேன்சல் செய்ய முடியவில்லை, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு காலை நீட்டிப் போ என்றேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் குனிந்து, "ஏட்டி, அந்தப் பிரிட்ஜு என்ன வெல ஆச்சு?" என்று கேட்டான். "பழைய பிரிட்ஜுண்ணே, விடு" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அம்மா தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த மெயிலை அழித்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சான்று கைக்கு வந்தது. 'மேற்படி சண்முகவடிவு என்பவர் தமது மகள் குழல்வாய்மொழியின் முழு ஆதரவில் வாழ்ந்து வருகிறார் என விசாரணையில் தெரிய வருகிறது.' ஸ்கேன் எடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று சிலமுறை படித்தேன். பிழை எதுவும் இல்லை. மறுபடியும் படித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

அம்மா ஒரு மணி நேரமாக முற்றத்தில் இருக்கிறாள். வளவு முழுவதும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நான் மீட்டிங்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மீட்டிங் ரத்தாகிவிட்டது, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கணக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். பிரிட்ஜ், மெஷின், ஓடு, மோட்டார், எல்லாம் என் மவ, என் மவ. செல்லத்தாய் அத்தை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல ஒவ்வொன்றுக்கும், "அப்படியா மைனி!" என்கிறாள்.

உருப்படிகள் தீர்ந்துபோயும் அம்மாவுக்கு நிறுத்த மனமில்லை. "அந்தா உள்ள கெடக்குல்லா தேக்குக் கட்டிலு, அதும் என் மவ வாங்கிப் போட்டதுதான்" என்கிறாள்.

அந்தக் கட்டில் அம்மா கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். நான் எழுந்து போய்த் திருத்தவில்லை.